ஒருவர் ஏன் தெருவுக்கு வந்தார்? ஒரு நகரத்தில் ஏன் இத்தனை பேர்?

தெருவில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்ததும் மனத்தில் எழும் முதல் கேள்வி, "இவருக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். குடியா, மனநோயா, குடும்பச் சண்டையா, வேலை போய்விட்டதா? இயல்பான கேள்வி. அவருக்கு உதவப் போகிறவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. இன்னொரு கேள்வி உண்டு. அது அவ்வளவு சுலபமாக வாயில் வராது: இந்த நகரத்தில் ஏன் இத்தனை பேர் வீடில்லாமல் இருக்கிறார்கள், இன்னொரு நகரத்தில் ஏன் அவ்வளவு பேர் இல்லை?

இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும், ஆனால் பதில்கள் வேறு. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டவைப்பதால்தான் இதைப் பற்றிய பேச்சு பாதி நேரம் தடம் மாறிப் போகிறது. வீடு, உடல்நலம், மனிதத் துணை மூன்றும் இதில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரெல்லாம் வீடற்றவர்கள்?

நடைபாதையில் தூங்குபவர் கண்ணில் படுகிறார். அதனால் வீடற்றவர் என்றாலே அவர்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் ஒரு பகுதி மட்டுமே. ஐரோப்பாவில் வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியாண்ட்சா, 2005-ல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. அதில் நான்கு வகைகள். தெருவிலும் இரவுத் தங்குமிடங்களிலும் காலம் தள்ளுபவர்கள் முதல் வகை. கூரை உண்டு, ஆனால் தனக்கென்று வீடு இல்லை என்ற நிலையில் விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்பவர்கள் இரண்டாவது. இருக்கும் இடம் எந்த நேரமும் கைவிட்டுப் போகலாம் என்ற நிலை மூன்றாவது: காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்கள், தெரிந்தவர் வீட்டு ஹாலில் நாளைக் கடத்துபவர்கள், அடிக்கும் கணவனோடு வேறு போக்கிடம் இல்லாமல் இருக்கும் பெண்கள். மனிதர் வாழத் தகுதியில்லாத இடத்தில் வாழ்பவர்கள் நான்காவது.

அரசாங்கங்கள் எண்ணுவது பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளைத்தான், அதுவும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடத்துக்குள் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையப் பிளாட்பாரம் போன்ற இடங்களில் இருப்பவர்களை எண்ணி, சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. அமெரிக்கா ஆண்டுதோறும் ஜனவரியில் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, தெருவில் இருப்பவர்களையும் தங்குமிடங்களில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. 2024-ல் அந்த எண் 7,71,480. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, அங்கே குறைவு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. எண்ணிய ஆட்களே வேறு. தெரிந்தவர் வீட்டு சோஃபாவில் தூங்குபவர் இரண்டு கணக்கிலும் வரமாட்டார். பெண்களில் பலர் அப்படித்தான் கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

எண்ணும் முறை மாறினாலே எண் மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், நீண்ட காலமாக வீடற்று இருந்தவர்களின் எண்ணிக்கையைப் பத்தே ஆண்டுகளில் 91 சதவீதம் குறைத்துவிட்டதாக 2015-ல் அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. நல்ல வேலை நடந்தது உண்மைதான். ஆனால் அந்த வீழ்ச்சியில் ஒரு கணிசமான பங்கு, நடுவில் எண்ணும் முறையையும் வரையறையையும் மாற்றியதால் வந்தது என்பது பின்னால் தெரிந்தது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கால அளவு. டென்னிஸ் கல்ஹேன் என்ற ஆய்வாளரும் ஒரு சக ஆய்வாளரும் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் தங்குமிடப் பதிவேடுகளைப் புரட்டி 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தனியாக வந்து தங்கியவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஒருமுறையோ இருமுறையோ கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. சுமார் 10 சதவீதம் பேர் அடிக்கடி வந்து போனார்கள். மிச்சம் 10 சதவீதம் பேர் அங்கேயே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தார்கள். தங்குமிடங்களின் மொத்தப் படுக்கை நாள்களில் ஏறத்தாழ பாதியைப் பயன்படுத்தியது இந்தக் கடைசி 10 சதவீதம்தான்.

நாம் தினமும் பார்த்துப் பழகிய முகங்கள் இந்தக் கடைசிக் குழுவைச் சேர்ந்தவை. நீண்ட நாள் இருப்பவர்தானே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவார். அவர்களில் மனநோயும் உடல்நோயும் அதிகம். அதைப் பார்த்து, வீடற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டு மாதம் தங்கிவிட்டு வாடகைக்கு ஓர் அறை பிடித்துக்கொண்டு போன பெரும்பான்மையை நாம் பார்த்ததே இல்லை.

குடியும் மனநோயும் இருக்கட்டும், வாடகை எவ்வளவு?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீடில்லாமை தனிமனிதப் பிரச்சினைகளால்தான் வருகிறது என்றால், அந்தப் பிரச்சினைகள் அதிகமுள்ள இடத்தில் வீடற்றவர்களும் அதிகமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா வறுமையில் முன்வரிசை மாநிலம். போதைமருந்து அளவு மீறி இறப்பவர்களின் விகிதத்தில் பல ஆண்டுகள் முதலிடமே அதற்குத்தான். ஆனால் அங்கே 10,000 பேருக்குச் சுமார் 10 பேர்தான் வீடற்றவர்கள். பணக்கார மாநிலமான கலிஃபோர்னியாவில் அது 40-க்கும் மேல். டெட்ராய்ட் ஏழை நகரம், சான் பிரான்சிஸ்கோ செல்வம் கொழிக்கும் நகரம். வீடற்றவர்களின் விகிதம் சான் பிரான்சிஸ்கோவில்தான் பல மடங்கு.

கலிஃபோர்னியாவில் குளிர் குறைவு, அதனால் எல்லோரும் அங்கே போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படியென்றால் உறைபனி கொட்டும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் விகிதம் ஏன் அதிகம்? வானிலை, வறுமை, போதை, மனநோய் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாலும் நகரத்துக்கு நகரம் உள்ள வித்தியாசத்தை அவை சரியாக விளக்குவதில்லை. விளக்குபவை இரண்டு: வாடகை எவ்வளவு, காலி வீடுகள் எத்தனை.

இதைப் புரியவைக்க ஆய்வாளர்கள் மியூசிக்கல் சேர் விளையாட்டை உதாரணம் காட்டுவார்கள். பத்துப் பேருக்கு ஒன்பது நாற்காலி. பாட்டு நின்றதும், காலில் அடிபட்டவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் ஏன் உட்காரவில்லை? காலில் அடி, சரியான பதில். ஒருவர் ஏன் நிற்க வேண்டியிருக்கிறது? நாற்காலி ஒன்று குறைவு. அடிபட்ட காலுக்கு வைத்தியம் பார்த்தால், அடுத்த முறை வேறு யாரோ நிற்பார்.

மேற்கு வர்ஜீனியாவிலும் போதைக்கு அடிமையானவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு கூரைக்குக் கீழே. வாடகை குறைவாக இருந்தால், தட்டுத்தடுமாறிச் சம்பாதிப்பவரும் ஓர் அறையை வைத்துக்கொள்ள முடியும். சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை மிச்சமிருக்கும். வாடகை ஏற ஏற முதலில் கைநழுவுவது, ஏற்கெனவே உடம்போ மனமோ சரியில்லாத ஆள். தனிமனிதப் பலவீனம், யார் வெளியே தள்ளப்படுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் தள்ளப்படுவார்கள் என்பதை வீட்டுச் சந்தை தீர்மானிக்கிறது.

இதற்கு ஒரு சரித்திர சாட்சியமும் உண்டு. மனநல மருத்துவமனைகளை மூடியதால்தான் தெருவில் ஆள்கள் நிறைந்தார்கள் என்ற விளக்கம் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். 1955-ல் அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.58 லட்சம் பேர் இருந்தார்கள். 60-களிலும் 70-களிலும் அந்த எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஆனால் தெருக்களில் வீடற்றவர்கள் பெருகியது 80-களில்தான் பெரிய செய்தியானது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? பலர் இருந்தது மலிவான ஒற்றை அறை லாட்ஜுகளில். ஒரு கட்டில், ஒரு மேசை, தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். நகரங்களை அழகுபடுத்துகிறோம், தரத்தை உயர்த்துகிறோம் என்று இப்படிப்பட்ட அறைகளை லட்சக்கணக்கில் இடித்தார்கள், அல்லது வசதியானவர்களுக்கான வீடுகளாக மாற்றினார்கள். அவற்றுக்கு ஈடாக வேறு எதையும் கட்டவில்லை. மருத்துவமனையை மூடியபோது, வெளியே வருபவர்களுக்குச் சமூகத்துக்குள்ளேயே சிகிச்சை ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் தெரு நிறைந்தது.

உடம்பு என்ன ஆகிறது

நோய்க்கும் வீடில்லாமைக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதை இல்லை. நோய் வருகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, வாடகை பாக்கி, வெளியேற்றம்: இது ஒரு திசை. தெருவுக்கு வந்த பிறகு, இல்லாத நோயெல்லாம் வருவது இன்னொரு திசை. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. வீடு இல்லாமல் சிகிச்சையே நடக்காது.

சர்க்கரை நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், எங்கே வைப்பார்? ஊசியும் மாத்திரையும் திருடு போகும், மழையில் நனையும், துப்புரவுப் பணி என்ற பெயரில் மூட்டையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு மருந்து போடச் சொல்கிறார் மருத்துவர், எப்போது சாப்பாடு கிடைக்கும் என்பது நோயாளிக்கே தெரியாது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கவைக்கும். கழிப்பறை இல்லாத ஆள் அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார். மனநோய்க்கான சில மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தில் தள்ளிவிடும். இரவில் அடி விழுமோ, பை போய்விடுமோ என்று ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டியவர், குறிப்பாகப் பெண், அந்த மருந்தைச் சாப்பிடத் தயங்குவார். கோப்பில் இதற்கெல்லாம் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதப்படும். என்னைக் கேட்டால், மருந்து எழுதிக் கொடுத்தவர்தான் நோயாளியின் இரவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் கால். நாள் முழுக்க நடை, நனைந்த செருப்பு, கழற்றி உலர்த்த இடமில்லை, கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் உட்கார்ந்தபடியே தூக்கம். கால் வீங்கும், புண் வரும், சர்க்கரை இருந்தால் ஆறாது. பாஸ்டனில் 1985-ல் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டம் ஒன்று தொடங்கியபோது அதில் சேர்ந்த இளம் மருத்துவர் ஜிம் ஓ'கானல். அங்கே ஏற்கெனவே வேலை செய்துவந்த செவிலியர்கள் அவரிடம் ஸ்டெதஸ்கோப்பை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, வருபவர்களின் கால்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவச் சொன்னார்கள். மருத்துவர்களை நம்பாத ஒருவர் பேசத் தொடங்குவதற்கு அந்த நேரம் தேவைப்பட்டது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து, "வீட்டுக்குப் போய் பத்து நாள் ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. வீடே இல்லாதவர் எங்கே போய் ஓய்வெடுப்பார்? தையல் பிரிந்து, சீழ் பிடித்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே திரும்பி வருவார். இதற்காகத்தான் மருத்துவமனையில் படுக்கை தேவைப்படாத, ஆனால் தெருவுக்குப் போகவும் முடியாத நோயாளிகளுக்கு நர்ஸ் கவனிப்போடு கூடிய ஓய்வு இல்லங்களைச் சில நகரங்களில் வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் திட்டம் இதிலும் முன்னோடி.

இதெல்லாம் எங்கே போய் முடிகிறது என்பதை இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டது. 2018-ல் அங்கே வீடற்ற நிலையில் இறந்தவர்கள் 726 பேர் என்பது மதிப்பீடு. இறந்த ஆண்களின் சராசரி வயது 45, பெண்களின் சராசரி வயது 43. பொது மக்களில் இது எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் இருக்கும். (இதை ஆயுள் எதிர்பார்ப்பு என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். இது அந்த நிலையில் இறந்தவர்களின் சராசரி வயது மட்டுமே.) ஐந்தில் இரண்டு மரணங்களுக்குக் காரணம் போதைமருந்து நச்சு. குளிரில் விறைத்துச் சாவதுதான் நம் கற்பனையில் இருக்கும். உண்மையில் பெரும்பாலான சாவுகள் தடுத்திருக்கக்கூடிய நோய், போதை, தற்கொலை வகையைச் சேர்ந்தவை.

ஆள் துணை

வேலை போனவர் எல்லோரும் தெருவுக்கு வருவதில்லை. அண்ணன் வீடு, மாமியார் வீடு, பழைய நண்பனின் அறை என்று நடுவில் ஒரு வலை இருக்கிறது. அந்த வலை இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் சில குழுக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசுக் காப்பகங்களில் வளர்ந்து, 18 வயதானதும் வெளியே அனுப்பப்படும் பிள்ளைகள். சிறையிலிருந்து வருபவர்கள். தான் யாரை விரும்புகிறோம், தன் பாலினம் எது என்று வெளியே சொன்னதும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞர்கள். அடி தாங்காமல் பிள்ளைகளோடு கிளம்பிய பெண்கள். மனநோய் உள்ள மகனை எழுபது வயது வரை பார்த்துக்கொண்ட தாய் இறந்துபோனால், அந்த மகன்.

உறவினர்களையும் சும்மா குற்றம் சொல்லிவிட முடியாது. அவர்களும் ஒண்டுக் குடித்தனத்தில்தான் இருப்பார்கள். வாடகை ஏறும்போது மாமா வீட்டின் கூடுதல் அறையும் சேர்ந்தேதான் காணாமல் போகிறது. வீடும் துணையும் தனித்தனி விஷயங்கள் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

கையில் காகிதம் இல்லாமல் போவது இன்னொரு சிக்கல். முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு, உதவித்தொகை, வேலை எதுவும் கிடைக்காது. மருத்துவமனையின் அடுத்த தேதி தபாலில் வந்தால் யார் கையில் சேரும்? இதையெல்லாம் கூடவே அலைந்து சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஒரு ஆளின் மதிப்பை நியூயார்க்கில் சோதித்துப் பார்த்தார்கள். தங்குமிடத்திலிருந்து வெளியே குடியேறப்போகும், கடுமையான மனநோய் உள்ள 96 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சேவைகள். இன்னொரு குழுவுக்கு முதல் 9 மாதம், தங்குமிடத்தில் ஏற்கெனவே பழகிய பணியாளர் ஒருவர் கூடவே இருந்தார். குடும்பத்தோடு திரும்பப் பேசவைப்பது, மருத்துவரிடம் கூட்டிப்போவது, வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் நடுவே நிற்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வது. 18 மாதக் கணக்கை 1997-ல் வெளியிட்டபோது, முதல் குழுவினர் சராசரியாக 91 இரவுகள் வீடற்றுக் கழித்திருந்தார்கள், இரண்டாவது குழுவினர் 30 இரவுகள்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் சிலருக்குக் கஷ்டமே தொடங்குகிறது என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். தெருவில் ஆபத்து உண்டு, ஆனால் பக்கத்தில் பேச்சுத் துணையும் உண்டு. நான்கு சுவருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பது தாங்காமல் பழைய இடத்துக்கே பகலில் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து, "வீடு கொடுத்தும் திருந்தவில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம்.

முதலில் வீடு

நீண்ட காலமாகப் பல நாடுகளில் இருந்த முறை ஏணிப்படி முறை. முதலில் தங்குமிடம். குடியை விட்டால், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், விதிகளை மீறாமல் இருந்தால், அடுத்த படியாக ஒரு விடுதி. அங்கும் தேறினால் கடைசியில் வீடு. வீடு என்பது பரிசு. நடுவில் வழுக்கினால் மறுபடி கீழே.

1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கி, "முதலில் வீடு" என்ற முறையைத் தொடங்கினார். தெருவில் இருக்கும், மனநோய் உள்ள ஒருவருக்கு முதலில் வாடகை வீட்டைக் கொடுத்துவிடுவது. குடியை நிறுத்தியிருக்க வேண்டும், மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வருமானத்தில் ஒரு பங்கை வாடகையாகத் தர வேண்டும், எல்லாக் குடித்தனக்காரர்களையும் போல நடந்துகொள்ள வேண்டும், ஆதரவுக் குழு அடிக்கடி வந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான். மேலே மருந்து பற்றிப் பார்த்தோமே, அதை நினைத்துப் பாருங்கள். பூட்டும் கதவும் குளிர்சாதனப் பெட்டியும் வந்த பிறகு சிகிச்சையைப் பற்றிப் பேசுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதைப் பெரிய அளவில் சோதித்தது கனடா. 2009-ல் தொடங்கி வான்கூவர், வின்னிபெக், டொரன்டோ, மான்ட்ரியல், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில் வீடற்ற, மனநோய் உள்ள சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்த முறைப்படி வீடும், மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகளும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில், முதலில் வீடு பெற்றவர்கள் 73 சதவீத நாள்களை நிலையான வீட்டில் கழித்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களுக்கு அது 32 சதவீதம். வீட்டைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு இது நேரான பதில்.

இதே ஆய்வு சொன்ன இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குடி, போதை, மனநோய் அறிகுறிகள் இவற்றில் இரண்டு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து இந்த முறை தோற்றுவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு வீடில்லாமையைத் தீர்க்கிறது, போதையைத் தீர்க்கச் சிகிச்சை வேண்டும். இரண்டையும் வீட்டின் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது: செலவைக் குறைக்கிறோம் என்று சாவியை மட்டும் கொடுத்துவிட்டு ஆதரவுக் குழுவை வெட்டிவிட்டு, அதையும் இதே பெயரில் நடத்துகிறார்கள். அது வேறு திட்டம்.

எல்லோருக்கும் ஆதரவுக் குழு வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க வீட்டுவசதித் துறை 12 இடங்களில் தங்குமிடங்களில் இருந்த 2,282 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. எந்த ஆலோசனையும் பயிற்சியும் இல்லாமல், நீண்ட கால வாடகை மானியம் மட்டும் வழங்கப்பட்ட குடும்பங்கள்தான் மற்ற எல்லாக் குழுக்களையும்விட நன்றாக இருந்தன. மீண்டும் வீடிழப்பது குறைந்ததோடு, குடும்ப வன்முறையும், பிள்ளைகள் பள்ளி மாறுவதும் குறைந்தன. முன்பு பார்த்த 80-க்கு 10-க்கு 10 கணக்கு இங்கே பொருந்துகிறது: பெரும்பாலோருக்கு வாடகைதான் பிரச்சினை, சிறு பகுதியினருக்கு வாடகையும் நோயும் தனிமையும் சேர்ந்த பிரச்சினை.

நாடு தழுவிய அளவில் செய்துகாட்டியது பின்லாந்து. 80-களின் நடுவில் அங்கே வீடற்றவர்கள் சுமார் 18,000 பேர். 1985-ல் தொடங்கப்பட்ட ஒய்-அறக்கட்டளை, சாதாரண அடுக்குமாடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளை வாங்கி வாடகைக்குக் கொடுத்தது. 2008-லிருந்து அரசே நிபந்தனையில்லா வீடு என்பதைக் கொள்கையாக்கி, தங்குமிடங்களையே வீடுகளாக மாற்றத் தொடங்கியது. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய சுமார் 250 படுக்கைகள் கொண்ட தங்குமிடம், சுமார் 80 தனி வீடுகளாக மாறியது. 2023-ல் நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 3,400 பேர்தான். ஆனால் சமூக நலச் செலவுகளில், வாடகை உதவி உட்பட, வெட்டு விழுந்த 2024-ல் அந்த எண் பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக ஏறி 3,800-ஐத் தொட்டது. ஒருமுறை தீர்த்துவிட்டு மறந்துவிடும் வேலை இல்லை இது.

தெருவுக்கு வருவதற்கு முன்னால்

வந்தவர்களைக் குடியேற்றுவது ஒரு பாதி என்றால், புதிதாக வருபவர்களைத் தடுப்பது மறு பாதி. சிகாகோவில், வீடு போகும் நிலையில் இருப்பவர்கள் போன் செய்தால் ஒருமுறை மட்டும் வாடகையோ முன்பணமோ கொடுக்கும் திட்டம் இருந்தது. நிதி சில நாள்களில் இருக்கும், சில நாள்களில் தீர்ந்துபோயிருக்கும். இந்தத் தற்செயலை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 2016-ல் வெளியான முடிவு: நிதி இருந்த நாளில் போன் செய்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் தங்குமிடத்துக்கு வரும் வாய்ப்பு, நிதி இல்லாத நாளில் போன் செய்தவர்களைவிட 76 சதவீதம் குறைவு. ஒருமுறை கைதூக்கிவிடுவதற்கு அவ்வளவு பலன். இதில் கடினமான பகுதி, பணம் கொடுக்காவிட்டாலும் எப்படியோ சமாளித்துக்கொள்பவர் யார், உண்மையில் தெருவுக்கு வரப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது.

வீடு போவதற்கு முன்பே தடுப்பதை இங்கிலாந்து சட்டத்தின் வழியே முயன்றது. 2018-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாள்களுக்குள் வீட்டை இழக்கும் அபாயத்தில் இருப்பவருக்கு உதவுவது உள்ளாட்சியின் கடமை. சிறைகளும் மருத்துவமனைகளும், தங்களிடமிருந்து வெளியேறுபவருக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்தால், அவர் சம்மதத்தோடு உள்ளாட்சிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளாட்சிகளிடம் கொடுக்க மலிவு வாடகை வீடுகள் போதுமான அளவு இல்லை. அதனால் அங்கே இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், லாட்ஜ் அறைகள் உட்பட, தற்காலிக இடங்களில் தங்கவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தற்காலிகம் சிலருக்கு வருடக்கணக்கில் நீள்கிறது.